ஊருணி நிறைந்தது

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாள் கிடைத்தது. மகளுக்குப் பிரசவம் நல்லபடி முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. பேரனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுத மறந்துவிட்டாயே!

இங்கே பெரிய சேதி ஒன்றுதான். நம் ஊருணி நிறைந்துவிட்டது. மேல்படியில் உட்கார்ந்தால் கால் தண்ணீரில் படுகிறது. ஆனால் குடிக்கிற தண்ணீர் என்பதால் யாரும் கால் நனைப்பதில்லை, பழைய கட்டுப்பாடு திரும்பிவிட்டது.

திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து நம் ராமநாதபுரம் ஜில்லாவுக்கு வரும் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்த பிறகு, ஊருணியை எட்டிப் பார்க்க ஆளில்லை. குழாய் வந்தது நல்லதுதான். நம் இடுப்பில் இருந்து குடம் இறங்கியது அதனால்தானே. ஆனால் போன சித்திரையில் எங்கோ குழாய் உடைந்து பதினோரு நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊருக்குள் போர்வெல் போட்டால் உப்புத் தண்ணீர்தான். மறுபடி தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அலைந்தோம், லாரித் தண்ணீரைக் குடம் 15 ரூபாய்க்கு வாங்கினோம். ஊருணியிலோ சீமைக்கருவேலம் ஆள் உயரம் நின்றது.

அப்புறம்தான் ஊருணியைத் தூர்வார ஊர்க்கூட்டம் போட்டார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி 500 ரூபாய் என்று பேச்சு வந்ததும் தெற்குத் தெருப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும், நம் சின்ன வயதில் தண்ணீர் மொள்ள அவர்களுக்குத் தனித் துறை. நாம் மொண்டு முடிக்கிறவரை அந்தப் பிள்ளைகள் கரையில் காத்து நிற்கும். "எங்களுக்கும் அதே வரி என்றால் துறையும் ஒன்றுதான்" என்றார்கள். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு சரி என்றார்கள். அன்றைக்கு எடுத்த முடிவுகளில் பெரியது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆடியில் வேலை தொடங்கியது. ஜேசிபிக்காரத் தம்பி இன்னும் ஆழமாகத் தோண்டினால் நிறையத் தண்ணீர் நிற்கும் என்றான். எங்கள் அப்பத்தா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டது. அந்தக் களிமண்ணுக்குக் கீழே உப்பு இருக்கிறது, அதைக் கிழித்தால் நல்ல தண்ணீர் இறங்கிப்போகும், உப்பு மேலே ஏறும் என்று அதட்டியது. வண்டலை மட்டும் வழித்தார்கள். அந்த வண்டல் இப்போது வயல்களில் கிடக்கிறது. கண்மாயில் இருந்து ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால்தான் கஷ்டம். இரண்டு இடத்தில் வழியை அடைத்து வேலி போட்டிருந்தார்கள். பேசிப் பேசியே எடுக்க வைத்தோம், ஒன்றரை மாதம் ஆனது.

நம் பக்கம் வருஷத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில வாரத்தில் பிடித்து வைப்பதுதான் மிச்ச மாதங்களுக்கு. அதைப் பிடிக்கத்தான் கண்மாயும் ஊருணியும் வெட்டி வைத்தார்கள். ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தோமே, மழை குறைந்த சீமையில் அவ்வளவு பெரிய கண்மாய் எதற்கு என்று எனக்கு இந்த வருஷம்தான் உறைத்தது.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் உங்கள் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது நீ போனில் அழுதாய். உங்கள் அடுக்குமாடியில் மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி இருக்கிறதா? 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்றார்களே. இருந்தால் கடைசியாக எப்போது மண் அள்ளினார்கள் என்று விசாரி. கூட்டத்தில் நீயே எழுந்து கேள்.

தண்ணீர் இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறது. பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசி ஊற்றி வைக்கிறேன், காலையில் தெளிந்துவிடுகிறது. காய்ச்சித்தான் குடிக்கிறோம். பொங்கலுக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு வா. பழைய பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறேன், துறைக்குச் சேர்ந்து போகலாம்.

அன்புடன்,
வள்ளி