வீட்டு விளம்பரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் வீடு, மனை பக்கங்களையும், சேர்க்கை சமயத்தில் வரும் கல்விப் பக்கங்களையும் விடாமல் படிப்பவள் நான். இரண்டிலும் உழைப்பு தெரிகிறது, ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுப் பக்கத்தில் ரயில் நிலையம் இத்தனை நிமிடம், விமான நிலையம் இத்தனை நிமிடம், சதுர அடி இவ்வளவு என்று இருக்கும். கல்விப் பக்கத்தில் தேர்ச்சி விகிதம், ஆய்வகம், மைதானம். அந்த வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கு ஒரு பத்து வயதுப் பிள்ளை எப்படிப் போகும், சாலையை எங்கே கடக்கும், சாயந்திரம் எத்தனை மணிக்கு வீடு வந்து சேரும் என்பது எந்தப் பக்கத்திலும் கிடையாது. மாற்றலாகிப் பிள்ளைகளோடு ஊர்விட்டு ஊர் வரும் குடும்பத்துக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளி ஆசிரியை. வேறு ஊரிலிருந்து வந்து சேரும் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் என் வகுப்புக்கு வருவார்கள். பெற்றோர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிவெடுத்திருப்பார்கள்: அலுவலகத்துக்குப் பக்கம் என்று ஒரு வீடு, பேர் சொல்கிறார்கள் என்று ஒரு பள்ளி, நடுவில் எவ்வளவு தூரம் இருந்தாலும் வேன் இருக்கிறதே என்ற தைரியம். வேன் இருக்கிறது, சரி. ஆனால் முதல் பீரியடில் பையை அணைத்தபடி மேஜையில் தலை சாய்ந்து கிடப்பது யார் என்று பார்த்தால் முதல் ஸ்டாப்பில் ஏறுகிற பிள்ளையாகத்தான் இருக்கும். கடைசி பீரியடில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் அதே பிள்ளைதான், மணி அடித்ததும் ஓடாவிட்டால் வேன் போய்விடும். பள்ளி முடிந்து மற்றவர்கள் அரை மணி நேரம் மைதானத்தில் பந்து உதைப்பார்கள், அதில் அது இருக்காது. புது ஊரில் சிநேகிதம் உண்டாவதே அந்த அரை மணி நேரத்தில்தான். வகுப்பில் நாங்கள் எவ்வளவுதான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாலும் அதற்கு ஈடாகாது.

அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓரளவு நல்ல பள்ளி, பிள்ளை நடந்தோ சைக்கிளிலோ தானே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தால், ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிற பேர்பெற்ற பள்ளியைவிட அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தூரம் என்பதை கிலோமீட்டரில் பார்க்காதீர்கள். மேப்பில் 800 மீட்டர் என்று காட்டும், நடுவில் ஆறுவழிச் சாலை ஒன்று போகும், சிக்னலும் இருக்காது நடைமேம்பாலமும் இருக்காது, அப்புறம் அந்த 800 மீட்டரால் பிள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நீச்சல்குளம், ஜிம், விளையாட்டுத் திடல் எல்லாம் உள்ள அபார்ட்மெண்ட்டில் வீடு எடுத்தது. வெளி கேட் நேராக நெடுஞ்சாலையில் திறக்கிறது. ஏழாம் வகுப்புப் பையன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கவேண்டும் என்றால்கூட அப்பா வரும்வரை காத்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இருக்கிற வகுப்புத் தோழனின் வீடு பால்கனியிலிருந்து தெரியும், இருவரும் கையாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இது என் எண்ணம் மட்டும் இல்லை. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்பு ஆய்வாளர் 1970 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். ஒன்றில் நாளைக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகள் போகும், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குத் தெருவுக்குள்ளேயே சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள், வண்டி அதிகமான தெருவில் ஒருவர்கூட முழுசாக இல்லை, 0.9தான். பெரியவர்களுக்கே இப்படி என்றால் தெருவில் விளையாட வேண்டிய பிள்ளைகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 1971இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர்கள் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள் என்றும், 1990இல் அது வெறும் 9 சதவீதமாகிவிட்டது என்றும் மேயர் ஹில்மனும் அவரோடு ஆராய்ந்தவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் கெட்டிக்காரத்தனத்தில் குறைந்துவிடவில்லை. சாலைகள்தான் அவர்களைத் தனியாக விடமுடியாதபடி மாறிவிட்டன.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடு பார்க்கிறவர்கள் மறக்கிற விஷயம் அது. நியூயார்க்கில் ஒரு பள்ளியை ஒட்டியே மேம்பால ரயில் பாதை போனது. பாதையைப் பார்த்த பக்கத்து வகுப்பறைகளில் நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில், ஒவ்வொன்றும் கடந்துபோக ஏறத்தாழ அரை நிமிடம், அதுவரைக்கும் ஆசிரியர் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். அர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளையும், அதே கட்டிடத்தின் மறுபக்கத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 1975இல் ஆய்வை வெளியிட்டார். சத்தப் பக்கத்துப் பிள்ளைகள், ஆறாம் வகுப்புக்கு வரும்போது, வாசிப்பில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பின்தங்கி இருந்தார்கள். அப்புறம் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகள் வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள் போட்டார்கள், 1981இல் மறுபடி பார்த்தபோது அந்த வித்தியாசம் போய்விட்டது. மியூனிக்கில் 1992இல் பழைய விமான நிலையத்தை மூடிப் புதியதைத் திறந்தபோதும் இதே கதைதான்: பழைய நிலையத்தின் அருகே இருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின, புதிய நிலையத்தின் அருகே இருந்தவர்களுக்குக் குறைந்தன. விமான நிலையம் இத்தனை நிமிடம் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்களே, பறக்கும் பாதைக்கு நேர் கீழே வீடோ பள்ளியோ இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

இடத்தைவிட முக்கியம் என்று நான் நினைப்பது வயது. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து பெரு நகரங்களில் கடும் வறுமைப் பகுதிகளில் அரசுக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வாடகை உதவி கொடுத்து, வறுமை குறைந்த பகுதிகளுக்குப் போக வழி செய்தார்கள். பல வருஷம் கழித்து ராஜ் செட்டி, நத்தானியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்த்து 2016இல் எழுதினார்கள். 13 வயதுக்கு முன்னால் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில், மாறாதவர்களைவிட ஏறத்தாழ 31 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் மாறியவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை, லேசாக நஷ்டம்கூடத் தெரிந்தது. அந்தக் குடும்பங்களின் நிலைமை வேறு, நம் வாசகர்கள் பலருடைய நிலைமை வேறு, அந்தச் சதவீதத்தை அப்படியே இங்கே ஒட்டவைக்கக் கூடாது. ஆனால் வகுப்பறையில் நான் பார்ப்பதும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. எட்டு வயதுப் பிள்ளை ஒரு பருவத்துக்குள் புது வகுப்பில் கலந்துவிடும். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அவளுடைய சிநேகிதிகள்தான் பாதி உலகம், அதை விட்டுவிட்டு வருகிறாள், அதற்குள் இங்கே இருக்கிற பெண்கள் கூட்டம் சேர்ந்து கதவைச் சாத்தியிருப்பார்கள். பெரிய பிள்ளை இருக்கிற வீட்டில், முடிந்தால் பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு வருஷமும் ஊர் மாறாமல் இருக்கப் பாருங்கள், அதற்காக அப்பாவோ அம்மாவோ கொஞ்ச காலம் தனியாகப் போய் இருக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வேன். மாறியே ஆக வேண்டும் என்றால், வீட்டை முடிவு செய்வதற்கு முன்னால் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு மூன்று பகுதிகளைக் காட்டுங்கள். சின்னவனுக்கு ஏற்ற மாதிரி வீடு பார்த்துவிட்டுப் பெரியவள் அனுசரித்துக்கொள்வாள் என்று விடுவது ரொம்ப வீடுகளில் நடக்கிறது. தலைகீழாகச் செய்ய வேண்டும், சின்னவன் எங்கே போனாலும் சமாளித்துக்கொள்வான்.

வாடகைக்குப் போவதா, சொந்தமாக வாங்கிவிடுவதா என்பதும் எல்லாரும் கேட்கிற கேள்வி. முதல் வருஷம் வாடகைதான். ஆனால் அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஏதோ ஒரு மூலையில் வாடகை மலிவாக இருக்கிறதென்று போய், அங்கே ஒரு பள்ளியில் சேர்த்து, அடுத்த வருஷம் வேறு மூலையில் வீடு வாங்கினால் பிள்ளை இரண்டு தடவை பள்ளி மாற வேண்டி வரும். பின்னால் எந்தப் பகுதியில் வாங்க வாய்ப்பிருக்கிறதோ அந்தப் பகுதிக்குள்ளேயே, வீடு கொஞ்சம் சின்னதாக இருந்தாலும், வாடகைக்கு எடுங்கள். வீடு மாறினாலும் பள்ளி மாறாது.

அப்பா அம்மாவின் அலுவலகத் தூரத்தையும் தள்ளிவிட முடியாது. ஜெர்மனியில் பல வருஷமாக அதே குடும்பங்களைக் கேட்டு எடுத்த கணக்கெடுப்பை வைத்து அலோய்ஸ் ஸ்டட்சரும் புருனோ ஃப்ரேயும் எழுதியது எனக்கு எப்போதும் ஞாபகம் வரும்: போய்வரும் நேரம் கூடக்கூட வாழ்க்கையில் திருப்தி குறைகிறது, கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அதை ஈடுகட்டவில்லை. அதனால் யாராவது ஒருவருக்குத் தூரம் தவிர்க்க முடியாது என்றால் பெரியவர்களில் ஒருவர் அதைச் சுமக்கட்டும், இன்னொருவர் பள்ளிக்குப் பக்கத்திலேயே வேலை செய்கிறவராகவோ வீட்டில் இருக்கிறவராகவோ இருக்கட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் கால் மணி நேரத்தில் வந்து நிற்க ஒரு ஆள் வேண்டும். இதை எழுதும்போது தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களும் தகப்பன்மார்களும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்கள் வீட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் அவசரத்துக்கு உதவும் ஒரு சொந்தக்காரரோ சிநேகிதரோ எங்கே இருக்கிறார் என்று பார்ப்பது நல்லது.

சில நாடுகளில் இன்ன தெருவில் இருந்தால் இன்ன அரசுப் பள்ளி என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் புரோக்கர் சொல்வதை நம்பாமல், கதவு எண்ணைக் கொடுத்து, கல்வி அலுவலகத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், எல்லையை மாற்றவும் செய்வார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இப்படி எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இருந்த வீடுகளின் விலையை சாண்ட்ரா பிளாக் ஒப்பிட்டு 1999இல் வெளியிட்டார், தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக உள்ள பள்ளியின் பக்கம் வீட்டு விலை ஏறத்தாழ 2.5 சதவீதம் அதிகம். அதாவது பள்ளியின் பேருக்கு வீட்டு விலையிலேயே நாம் பணம் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பணம் பிள்ளைக்கு உண்மையிலேயே பயன்படுகிறதா என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டாமா? மொழி மாறுகிற இடத்துக்குப் போகிறவர்கள் மொழிப்பாடம் எந்த வகுப்பிலிருந்து கட்டாயம், புதிதாக வருகிறவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா என்று கேளுங்கள். தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளை என்றால் பள்ளியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போகாதீர்கள். பள்ளி நாளில், மணி அடிக்கிற நேரத்துக்கு அரை மணி முன்னால் அந்தத் தெருவில் நின்று பாருங்கள், பிள்ளைகள் நடந்து போகிறார்களா, எந்த வயதுப் பிள்ளைகள், கூட யார் போகிறார்கள் என்று. மறுபடி சாயந்திரம் இருட்டின பிறகு ஒரு தடவை அதே வழியில் நடந்து பாருங்கள், விளக்கு எரிகிறதா, நடைபாதையில் வண்டி நிறுத்தியிருக்கிறார்களா என்று தெரியும். வீட்டுக்குள் எத்தனை கப்போர்டு இருக்கிறது என்பதை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒவ்வொரு பகுதியைப் பற்றி எழுதும்போதும் நான்கு விவரம் சேருங்கள். நடந்து போகும் தூரத்தில் என்னென்ன பள்ளிகள், வழியில் கடக்க வேண்டிய பெரிய சாலை எது, அங்கே சிக்னல் உண்டா, பள்ளி நேரத்தில் அந்த வழியைக் கடக்க உண்மையில் எவ்வளவு நேரமாகிறது. உங்கள் நிருபர் ஒருவர் ஒரு காலைப்பொழுது நடந்து பார்த்தால் கிடைத்துவிடும். கல்விப் பக்கத்திலும், பள்ளியின் முதல் ஸ்டாப்பில் வேன் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, கடைசிப் பிள்ளை எத்தனை மணிக்கு வீடு சேர்கிறது என்று பள்ளிகளைக் கேட்டுப் போடுங்கள். அடுத்த சேர்க்கைக்கு முன்னால் இது வந்தால், இப்போதே மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடுகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி, ஒரு பள்ளி ஆசிரியை