பொழுதுபோக்கு என்று எழுதியிருந்தீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் விடுமுறை வகுப்புகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கோடிங், அபாகஸ், ஆங்கிலப் பேச்சு என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு பத்தி ஒதுக்கிவிட்டு, கடைசியில் பெண்களும் சிறுமிகளும் பொழுது போகக் கைவினையும் கற்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். நான் பதினைந்து வருடமாகக் குரோஷாவும் (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) எம்பிராய்டரியும் சொல்லிக்கொடுத்து வருகிறவள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரோஷாவில் வட்டமாக ஒரு சின்ன விரிப்பு போடுவதை எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 6 கண்ணி, அதாவது நூல் வளையம். அடுத்ததில் 12, அப்புறம் 18, பிறகு 24. சாதாரணக் குட்டைப் பின்னலில் இப்படி ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால்தான் விரிப்பு மேஜையில் தட்டையாகப் படுக்கும். கூட்ட மறந்தால் ஓரம் மேலே தூக்கிக் கிண்ணமாகிவிடும், அளவுக்கு மேல் கூட்டினாலோ ஃபிரில் வைத்த மாதிரி அலை அலையாகச் சுருங்கும். என்னிடம் வரும் எட்டு வயதுப் பெண் ஒருத்தி போன மாதம் இப்படி ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டி, ஏன் மிஸ் இப்படி ஆச்சு என்றாள். எண்ணிப் பார் என்றேன். அவளே உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றாக விரல் வைத்து எண்ணி, மூன்றாவது சுற்றிலிருந்து 12-லேயே நின்றுவிட்டதைக் கண்டுபிடித்தாள். அழவில்லை. நூலைச் சரசரவென்று உருவிப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். நான் சிவப்பு மையால் எதையும் சுழிக்கவில்லை, தப்பு எங்கே என்று நூலே சொல்லிவிட்டது. பரீட்சைத் தாளில் ஒரு தப்பைப் பார்த்தால் முகம் சுருங்கிப்போகும் அதே பிள்ளைதான் இவள்.

அந்த அலை அலையான சுருக்கம் இருக்கிறதே, அதற்குக் கணிதத்தில் ஒரு பெரிய இடமே உண்டு. அதிபரவளைய வடிவியல் என்பார்கள், ஒரு புள்ளி வழியாக ஒரே கோட்டுக்கு எத்தனையோ இணைகோடுகள் போகக்கூடிய விசித்திரமான உலகம். அந்த வடிவத்தைக் காட்டக் காகிதத்தை ஒட்டிச் செய்த மாதிரிகள் நாலு பேர் கை பட்டதும் கிழிந்துபோகும். லாட்வியாவில் பிறந்த டைனா டைமினா என்ற கணித ஆசிரியை 1997-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு குரோஷா ஊசியை எடுத்து, வேண்டுமென்றே கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய், மாணவர்கள் கையில் மடக்கிப் பார்க்கும்படி அதைப் பின்னிக் கொடுத்தார். இதையும் பொழுதுபோக்கு என்றுதான் சொல்வீர்களா?

கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840-ல் வைத்த ஜெர்மன் கல்வியாளர் ஃபிரோபெல், காகிதம் மடிப்பது, பட்டை பின்னுவது, அட்டையில் ஊசி கோப்பது இதையெல்லாம்தான் சின்னப் பிள்ளைகளுக்கு முக்கியமான வேலையாக வைத்திருந்தார். பின்லாந்தில் 1866-லேயே கைவேலையைப் பள்ளிப் பாடமாகச் சேர்த்துவிட்டார்கள். நாமோ கிண்டர்கார்டனில் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டோம். கிராஃப்ட் பீரியட் என்று அட்டவணையில் இருக்கும், கணக்கு டீச்சர் வந்து உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் புராஜெக்டை ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா முடிப்பாள், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். அழகாக முடிந்த பொருள் வேண்டும் என்று கேட்டால் அப்படித்தான் நடக்கும்.

சரி, பெண்களுக்கு வருகிறேன். ஜெர்மனியில் 1919-ல் பௌஹவுஸ் கலைப்பள்ளியை ஆரம்பித்தபோது ஆண் பெண் பேதமில்லை என்றார்கள், ஆனால் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோரை நெசவுக்கூடத்துக்கே தள்ளிவிட்டார்கள். கண்ணாடி வேலை கற்க ஆசைப்பட்ட ஆனி ஆல்பர்ஸ் என்ற மாணவியும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார். அதே ஆனி ஆல்பர்ஸின் நெசவுக்கு 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியே வைத்தது. தள்ளிவிட்டது சரி என்று சொல்லவில்லை. பெண்கள் தொட்டாலே அது சின்ன வேலை என்று நினைக்கும் புத்தி நமக்கு மட்டும் உள்ளதல்ல என்கிறேன்.

என் வகுப்புக்கு வரும் பெண்களே முதல் நாள் 'சும்மா பொழுது போகத்தான் வந்தேன்' என்று வெட்கத்தோடுதான் சொல்வார்கள். ஆறு மாதம் கழித்து யாராவது ஒரு பையைப் பார்த்து என்ன விலை என்று கேட்டால், நூல் காசு மட்டும் கொடுங்க போதும் என்கிறார்கள்! பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்து போட்ட பை அது. அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன நோட்டு கொடுத்து, ஊசியைக் கையில் எடுத்த நேரம், வைத்த நேரம் இரண்டையும் எழுதச் சொல்கிறேன். தையலைவிட இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. அதற்காக ஒரே மாதத்தில் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பிவிடாதீர்கள், கை பழகவே பலருக்கு ஒரு வருடம் ஆகும். சம்பாதிக்காமலே தொடர்ந்து வருகிறவர்களும் உண்டு. யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் கிடைக்கிறதே என்பார்கள்.

இன்னொன்று, பெண்களும் சிறுமிகளும் என்று ஏன் எழுதினீர்கள்? பையன்களும் வரட்டும், அப்பாக்களும் வரட்டும். இவனுக்கு எதற்கு ஊசியும் நூலும் என்று ஓர் அப்பா கேட்டார். ஆபரேஷன் தியேட்டரில் தையல் போடுகிறவரிடம் போய் இதைக் கேட்பீர்களா என்றேன், சிரித்துவிட்டுப் பையனை விட்டுப்போனார்.

அந்த எட்டு வயதுப் பெண் இப்போது பத்தாவது சுற்றில் இருக்கிறாள், சரியாக 60 கண்ணி. உங்கள் கட்டுரையாளருக்கு நேரம் கிடைத்தால் ஒரு நாள் வந்து உட்காரச் சொல்லுங்கள். ஊசியும் நூலும் நான் தருகிறேன், பிரித்துப் போடுவது எப்படி என்று அவள் சொல்லித்தருவாள்.

இப்படிக்கு,
ஒரு கைவேலை ஆசிரியை