படுத்தால்தான் பணமா? காப்பீட்டுத் திட்ட நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநராக இருக்கிறேன். ஊர்க்காரர்கள் சேர்ந்து சந்தா கட்டி ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் வாங்கும் உங்கள் சமுதாய மருத்துவக் காப்பீட்டுக்கு எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சந்தா வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். போன மாதம் வேலூரில் நடந்த கூட்டத்தில், "நம்ம பக்கத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, கட்ட மனசு வரவில்லை" என்று மேடையில் சொன்னீர்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயே எழுந்து பேசியிருக்க வேண்டும். பேச வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் வருடம் எங்கள் குழுவில் 18 குடும்பங்களில் 14 சேர்ந்தன. இரண்டாம் வருடம் 5. இருந்த விழிப்புணர்வு ஒரே வருடத்தில் எங்கே போனது என்று ஒருவராவது எங்களைக் கேட்டிருக்கலாம்.

காரணம் சொல்லும் ஃபைல் உங்களிடமே இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். எங்கள் குழுவில் பீடி சுற்றும் அக்கா ஒருவர். வீட்டுக்காரருக்கு மூன்று நாள் காய்ச்சல், அப்புறம் வாந்தி. இரவு பத்து மணிக்குப் பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நீங்கள் கொடுத்த அட்டையை நீட்டியதும் கவுன்டரில் இருந்த பெண் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதல்ல நீங்க கட்டிடுங்க, அப்புறம் அவங்ககிட்ட வாங்கிக்குங்க" என்றார். டிரிப்ஸ் ஏறியது, ரத்தப் பரிசோதனை நடந்தது. மறுநாள் இரவு எட்டு மணிக்கு, வேறு நோயாளிக்குக் கட்டில் வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். பில் 6,840 ரூபாய். கம்மல் அடகுக் கடைக்குப் போனது. காதில் விளக்குமாற்றுக் குச்சியைச் சொருகிக்கொண்டுதான் அந்த அக்கா உங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஒருமுறை டிஸ்சார்ஜ் சீட்டு இல்லை என்றீர்கள், அடுத்த முறை பில்லில் சீல் இல்லை, மூன்றாம் முறை ஜெராக்ஸ் தெளிவாக இல்லை. வேலூருக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். போய்வரும் நாளில் முறத்தில் இலை காய்ந்து கிடக்கும், அன்றைய கூலி கிடையாது. இரண்டு மாதம் கழித்து வந்த பதில் ஒரே வரி: 24 மணி நேரம் உள்நோயாளியாக இல்லாததால் தொகை மறுக்கப்படுகிறது.

பத்து மணியிலிருந்து மறுநாள் எட்டு மணி வரை 22 மணி நேரம். அந்த அக்கா என்னிடம் சண்டை போடவில்லை. "ரெண்டு மணி நேரம் ஆஸ்பத்திரி வாசல்லயே படுத்திருந்தா குடுத்திருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். பணத்தை வாங்கியவள் நான் என்பதால் பதில் சொல்ல வேண்டியவளும் நான். விதி போட்டவர்கள் யாரும் எங்கள் தெருவில் குடியில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை: கட்டிலில் படுக்காமல் ஆகும் செலவுக்கும் ஒரு பங்காவது கொடுங்கள். டாக்டர் ஃபீஸ், மாத்திரை, டெஸ்ட். எங்கள் வீடுகளில் பணம் கரைவது அதில்தான்.

பெரிய நோய்க்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2012 முதல் நடக்கிற திட்டம், இப்போது குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. என் கொழுந்தனாருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது அதில்தான், நன்றி மறக்க மாட்டோம். அந்த அட்டை இருப்பதால்தான் கேட்கிறேன்: அதே படுக்கைக்கு இன்னொரு அட்டை எதற்கு? அது கொடுக்காததை நீங்கள் கொடுத்தால்தானே நாங்கள் தனியாகக் காசு கட்டுவதில் அர்த்தம் இருக்கிறது?

அப்புறம் உங்கள் கணக்கெடுப்பு. டேப்லெட்டோடு இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். "வருஷத்துக்கு ஆளுக்கு ஐந்நூறு கட்டுவீங்களா? சரி, நானூறு? முந்நூறு?" என்று ஏலத்தைத் தலைகீழாக விட்டார்கள். வெயிலில் வந்த பிள்ளைகளுக்கு டீ கொடுத்துவிட்டு முகத்துக்கு நேரே யார் இல்லை என்பார்கள்? பாதிப் பேர் மரியாதைக்குக் கட்டுவோம் என்றார்கள். கட்ட மாட்டோம் என்றவர்களை ஏன் என்று கேட்க உங்கள் படிவத்தில் இடமே இல்லை. "காப்பீடு வேண்டாம்", "இந்தக் காப்பீடு வேண்டாம்" இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டீர்கள்.

கட்ட மனசில்லாத ஜனங்களா நாங்கள்? மாதா மாதம் தீபாவளிச் சீட்டு கட்டுகிறோம், ஏலச்சீட்டு கட்டுகிறோம். நம் பக்கத்தில் சீட்டுப் பிடித்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியும் கட்டுகிறோம், ஏனென்றால் ஓடாத சீட்டில் தீபாவளிக்கு முந்தின வாரம் எண்ணெயும் பருப்பும் வெல்லமும் வீடு வந்து சேரும். நீங்களோ பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் பார்த்து நாலு பேருக்கு ஆயிரம் ரூபாயை மொத்தமாகக் கேட்கிறீர்கள். தவணையாகக் கேட்டால் சாஃப்ட்வேரில் வழியில்லையாம்.

கர்நாடகத்தின் யசஸ்வினி மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பயிற்சி வகுப்பில் நீங்கள்தான் எங்களுக்குச் சொன்னீர்கள். 2003-இல் கூட்டுறவுச் சங்க விவசாயிகளிடம் ஆளுக்கு 60 ரூபாய் வாங்கி ஆரம்பித்தார்கள், முதல் வருடமே பல லட்சம் பேர் சேர்ந்தார்கள் என்று. அது ஆபரேஷனுக்கான திட்டம்தான். ஆனாலும் டாக்டரைப் பார்த்துக் கேட்பதற்குக் கட்டணம் வாங்கவில்லை. அந்தப் பாதியை வகுப்பில் விட்டுவிட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கொல்கத்தாவிலிருந்து ரயில் ஏறி வைத்தியத்துக்கு வருகிற ஊர் நம் வேலூர். லாட்ஜ் போர்டுகூட வங்காளத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கிற நாங்கள் காய்ச்சலுக்குக் கம்மலைக் கழற்றுகிறோம். வரியிலும் அப்படித்தான்: தனியாளாகப் பாலிசி எடுப்பவருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது, குழுப் பாலிசிக்கு அந்தச் சலுகை இல்லை. ஒன்றாகச் சேருங்கள் என்று எங்களுக்குப் பத்து வருடமாக வகுப்பெடுக்கிறார்கள். சேர்ந்ததற்கு அபராதம் போல. சரி, அது டெல்லி விஷயம், உங்கள் கையில் இல்லை.

உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். படுக்காத வைத்தியத்துக்கும் பணம் கொடுங்கள். வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைத்தாலும் சம்மதம். அதற்காகச் சந்தாவை ஐம்பது ரூபாய் கூட்டினாலும் வாங்கித் தர நான் இருக்கிறேன், தவணையாக இருந்தால். அந்த அக்காவின் 6,840 ரூபாய் மனுவையும் தயவுசெய்து மறுபடி எடுத்துப் பாருங்கள். கம்மலுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

புதன்கிழமைதோறும் மாலை நாலு மணிக்குக் குழுக் கூட்டம் நடக்கும். சந்தா புதுப்பிக்கும் கெடு முடிவதற்குள் உங்களில் ஒருவர் வந்து, வாசல் கேள்விக்கு அந்த அக்காவிடம் நேரில் பதில் சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊக்குநர், மகளிர் சுயஉதவிக் குழு,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.