ரிப்போர்ட் நார்மல், வலி?

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்று நீ சொன்னதும் அம்மாவுக்கு உயிர் வந்தது. உன் குரலில்தான் அந்த நிம்மதி இல்லை. ‘இன்ன வியாதி என்று தெரிந்தாலாவது தேவலை’ என்றாயே, அதனால்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே “விடுங்கப்பா” என்பாய்.

உன் வலி நிஜம். ஸ்கேனில் எலும்பும் சதையும் தெரியும், வலி தெரியாது. 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பாதிப் பேருக்கு மேல், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. அவர்களுக்குப் படத்தில் கோளாறு, உடம்பில் வலியில்லை. உனக்கு நேர்மாறு. காயம் எதுவும் தென்படாமலே, வலியை உணரும் நரம்பு மண்டலம் மாறிப்போய் வலிக்கலாம். வலியை ஆராய்கிறவர்களின் சர்வதேசச் சங்கம் 2017-இல் இதைத் தனி வகையாகவே ஏற்றுக்கொண்டது. திருடன் போன பிறகும் குரைத்துக்கொண்டிருக்கும் நாய் மாதிரி. உன் வலி அந்த வகைதானா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். “எல்லாம் மனசுதான்” என்கிறவர்களிடம் மட்டும் வாதாடிக்கொண்டிருக்காதே. அதற்கும் தெம்பு வேண்டும்.

பயம் வலியைக் கூட்டும் என்பதும் உண்மைதான். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி ஏறும். நடுராத்திரியில் கூகுளில் தேடினால் எந்த வலியும் புற்றுநோயில்தான் போய் நிற்கும். அந்த நேரத்தில் எனக்குப் போன் செய். இந்த வயதில் எனக்குத் தூக்கம் எப்படியும் அரைகுறைதான்.

சிலவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. வலியோடு காய்ச்சல் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ சீக்கிரமே டாக்டரைப் பார். திடீரென்று கை கால் பலமிழந்தால், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனால், நெஞ்சை அழுத்தி வியர்த்தால், நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைக்குப் போ.

மற்றபடி ஒரு நோட்டில் எழுதி வை: எங்கே வலிக்கிறது, எப்போது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் “இப்போ பரவாயில்லை” என்பது சின்ன வயதிலிருந்தே உன் பழக்கம். அங்கே தைரியம் காட்டாதே, நோட்டைப் பார்த்து வாசி. அவர் அவசரப்பட்டாலும், “அடுத்து என்ன செய்யலாம், திரும்ப எப்போ வரணும்?” என்று கேட்காமல் எழுந்திருக்காதே.

அடுத்து எந்தத் தேதியில் போகிறாய் என்று சொல். துணைக்கு வருகிறேன். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா