அசுர்மாலகைட் கல்லைப் புளியில் ஊறவைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல் வைத்த நகைகளைப் புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்தால் புதுசு போல ஆகிவிடும் என்று உங்கள் வீட்டுக்குறிப்புப் பகுதியில் போன வாரம் வந்திருந்தது. எந்தக் கல் என்று ஒரு வார்த்தை இல்லை. வைரம் தாங்கும். ஆனால் இப்போது ஆன்லைனில் நிறையப் பேர் வாங்கிப் போடுகிற, நீலமும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்த அசுர்மாலகைட் டாலரை அப்படி ஊறவைத்தால் அதன் மெருகே போய்விடும்.

அந்தக் கல்லில் நீலம் அசுரைட், பச்சை மாலகைட். இரண்டுமே செம்பின் கார்பனேட்தான். செம்புக் குடத்தில் படிகிற பச்சைக் களிம்பும் அதே வகையறா, அந்தக் களிம்பைப் புளி எப்படி எடுக்கிறதோ அப்படியே இந்தக் கல்லின் மேற்பரப்பையும் அரித்துவிடும். வினிகரும் ஆகாது. ஆய்வகத்தில் இந்தக் கனிமங்களை அடையாளம் காண நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுவார்கள், விட்ட இடம் நுரைக்கும்.

கல்லும் மிருதுவானது. கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 3.5 முதல் 4 வரைதான், பேனாக்கத்தியே கீறிவிடும். வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணலோ 7. அதனால் தூசியோடு இருக்கிற கல்லை முந்தானையால் அழுத்தித் துடைத்தால் மெல்லிய கோடுகள் விழும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்கே தெரியும். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் மென்மையான சோப்பு கலந்து, சட்டென்று அலசி, பருத்தித் துணியால் ஒற்றி ஈரம் போக எடுத்தால் போதும். சென்ட் அடித்து முடித்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள், மற்ற நகைகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஈரத்தில் நாள்பட இருந்தால் அசுரைட்டின் நீலம் மாலகைட்டாக மாறிப் பச்சையாகிவிடும்.

மோதிரத்தைப் பற்றவைக்கக் கொடுக்கும்போது கல்லைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள், நெருப்பு பட்டால் செம்பு ஆக்சைடாகிக் கறுத்துவிடும். கடையில் அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வால் சுத்தம் செய்வது), நீராவி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இந்தக் கல்லைத் தண்ணீரில் போட்டுக் குடித்தால் நல்லது என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், செம்பு தண்ணீரில் இறங்கினால் வயிற்றுக்குக் கெடுதல்.

அரிசோனாவில் இந்தக் கல்லுக்குப் பேர்போன பிஸ்பி செம்புச் சுரங்க வேலை 1975-லேயே நின்றுவிட்டது. அங்கே எடுத்த பழைய கல் வீணானால் அதற்கு ஈடு தேடுவது கஷ்டம். அந்தக் குறிப்பைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் கண்ணில் படும்படி, அதே பகுதியில் அதே அளவில் ஒரு திருத்தம் போடுங்கள்.

- வாசகி, கும்பகோணம்