ஹங்கா ரோவாவிலிருந்து அப்பா

ஹங்கா ரோவா,
இரவு 9 மணி

அன்புள்ள பிரபு,

நல்லபடியாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. தைலம் தேய்த்திருக்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே. நீ சாப்பிட்டாயா? ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. சான்டியாகோவில் இப்போது பதினொன்று ஆகியிருக்கும், லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கு.

முப்பத்தோரு வருஷம் புவியியல் நடத்தினேன். பசிபிக் நடுவே சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, "ஈஸ்டர் தீவு, சிலி நாட்டைச் சேர்ந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்தப் புள்ளிக்கு வர ஐந்து மணி நேரத்துக்கு மேல் வெறும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று எந்தப் பையனுக்கும் சொன்னதில்லை. பக்கத்து சீட் காலி. உன் சீட். மடியில் இருந்த பையை அதில் வைத்துக்கொண்டேன். என் மகன்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான் என்று வழிகாட்டிப் பையனிடம் இன்றைக்கு மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன். அவன் பாவம், மூன்று தடவையும் தலையாட்டினான்.

காலையில் ஆஹு அகிவியில் ஆரம்பித்தோம். அங்கே ஏழு சிலைகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. தீவில் மற்ற மேடைகளில் இருப்பவை பெரும்பாலும் கடலுக்கு முதுகைக் காட்டி ஊர்ப்பக்கம் பார்ப்பவை. இந்தச் சிலைகளுக்கு இங்கே மோவாய் என்று பேர். சாமி இல்லை, செத்துப்போன முன்னோர். பிள்ளைகுட்டிகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்பதுதான் அவர்கள் வேலை. வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை, கொடுத்துவைத்தவர்கள்.

அங்கிருந்து டெரெவாக்கா ஏறினோம். தீவிலேயே உயரம் அதுதான், 507 மீட்டர். மேலே போகப் போக மரமில்லை, புல்லும் குதிரைகளும் காற்றும்தான். உச்சியில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். மூன்று எரிமலை கக்கிய குழம்பு ஒட்டிக்கொண்டு ஒரு முக்கோணத் தீவு ஆனதை நானே எத்தனையோ தடவை படம் போட்டிருக்கிறேன். சட்டைப் பையில் இருந்த கடலைமிட்டாயை உடைத்து வழிகாட்டிக்குப் பாதி கொடுத்தேன். "மௌருரு" என்றான். நன்றி என்று அர்த்தமாம். நிவேதாவுக்கென்று வாங்கிய பாக்கெட் அது. பரவாயில்லை.

நேற்று அம்மா போனில், "பிரபு வீட்டுக்கு ஏன் எப்போ கூப்பிட்டாலும் நிவேதா எடுக்க மாட்டேங்கிறா?" என்றாள். குளித்துக்கொண்டிருப்பாள் என்றேன். நான் சான்டியாகோ வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை குளித்துக்கொண்டேதான் இருக்கிறது. இனி நீ ஏதாவது சொல்லிக்கொள். நன்றாகச் சாப்பிடு. இளைத்துவிட்டாய்.

மத்தியானம் ரானோ ரராக்கு. தீவின் தேசியப் பூங்காவுக்கு வாங்கும் நுழைவுச் சீட்டுக்கு அங்கே ஒரு தடவைதான் உள்ளே விடுவார்கள், அதனால் மெதுவாகப் பார்த்தேன். எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை. தீவின் சிலைகள் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஒரு மலையில் செதுக்கியவை. ஏறக்குறைய 400 இன்னும் அங்கேயே கிடக்கின்றன. ஒன்று 21 மீட்டர் நீளம், மல்லாந்து படுத்திருக்கிறது. மூக்கு, உதடு, தொப்புளுக்குக் கீழே கைவிரல் வரை செதுக்கியாயிற்று, முதுகு மட்டும் பாறையைவிட்டுப் பிரியவில்லை. ஓரத்தில் கல்லுளி கொத்திய பள்ளங்கள் வரிசையாகத் தெரிகின்றன, நேற்று சாயங்காலம் வேலையை நிறுத்திவிட்டுப் போன மாதிரி. மேடையில் ஏற்றிய பிறகுதான் வெள்ளைப் பவளத்தில் கண் வைப்பார்களாம். அதுவரை அது கல்தான்.

சிலைகள் மலையிலிருந்து தாமாக நடந்துபோயின என்று இந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். யாரும் நம்பவில்லை. பிற்பாடு ஆராய்ச்சிக்காரர்கள் அதே மாதிரி ஒரு சிலை வார்த்து, மூன்று கயிறு கட்டி, 18 பேர் இப்படியும் அப்படியும் இழுத்து ஆட்டியதில், அது எட்டு வைத்து நடந்துவிட்டது. நாலு டன்னுக்கு மேல் எடை. நான் சாத்தூருக்குப் பஸ் ஏறவில்லை.

நேரில் சொல்ல வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். 1997இல் நீ இரண்டாம் வகுப்பு. அந்தச் சீட்டுப் பணத் தகராறு. ஆச்சிக்கு உடம்பு சரியில்லை, அதனால் அம்மா சாத்தூர் போயிருக்கிறாள் என்று உன்னிடம் சொன்னேன். ஸ்கூலில், தெருவில், பால்காரனிடம், எல்லாரிடமும் அதையே சொன்னேன். ஆச்சி கல்லு மாதிரி இருந்தாள். ஐந்து மாதம். கோவில்பட்டியிலிருந்து சாத்தூர் எவ்வளவு தூரம், அரைமணி நேரம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஸ்டாண்ட் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கடைசியில் எங்கம்மாதான் போய் அழைத்து வந்தாள். அம்மா உள்ளே வந்ததும் நீ அவளிடம், "ஆச்சிக்குச் சரியாயிடுச்சா?" என்று கேட்டாய். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னாள்.

போன வாரம் கதவைத் திறந்ததும் நீ சொன்னாயே, "நிவேதாவோட அம்மாவுக்கு உடம்பு சரியில்லப்பா, ஊருக்குப் போயிருக்கா" என்று. குரல்கூட என் குரல்தான்.

சாயங்காலம் டோங்காரிகி போனோம். 15 சிலைகள் ஒரே வரிசை. 1960 சுனாமி அத்தனையையும் வாரித் தள்ளியதாம். திரும்ப நிமிர்த்தி முடிக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அதற்கும் ஜப்பானிலிருந்து கிரேன் வர வேண்டியிருந்தது. நான் இறங்கவில்லை, கால் வரவில்லை. வேனிலிருந்தே பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன். ஏர்போர்ட்டுக்கு வராதே, டாக்ஸி பிடித்துக்கொள்கிறேன். என்னோடு வருவதற்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த லீவு உனக்கு மிச்சம்தானே. இங்கே சந்தையில் சின்னச் சின்னச் சிப்பி கோத்த மாலை ஒன்று வாங்கியிருக்கிறேன். உன்னிடமே தந்துவிடுகிறேன், நீ கொண்டுபோய்க் கொடு.

தண்ணீர் நிறையக் குடி. ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கும் சாத்தூர் சேவுப் பொட்டலத்தைப் பிரித்துவிடாதே. பிரித்தால் நமுத்துப்போகும்.

அப்பா