தண்ணீரை இறைப்பதற்கு முன்னால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. முட்டி அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததும், அதற்குள் நீ கைத்தடியை மூலையில் சாத்திவிட்டு நடமாடுவதும் தெரிந்து நிம்மதி. என் வீட்டுக்காரியும் நாலு தடவை வாங்கிப் படித்தாள். ஆனால் கடைசிப் பத்தியில், "அடுத்த வாரம் ஆள் வருகிறார், பின்பக்கத்து நீச்சல் குளத்தை முழுக்க இறைத்துவிட்டு ரிப்பேர் வேலையை ஆரம்பிக்கப் போகிறேன்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மற்றதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இறைக்காதேடா. அவரைக் கொஞ்ச நாள் கழித்து வரச் சொல்.

எங்கள் குளம் முப்பது வருஷத்துப் பழசு, வீட்டோடு வந்த சீதனம் என்று உனக்குத் தெரியும். வேலையை ஆரம்பித்தபோது எனக்கும் இதே அவசரம்தான். முதலில் வந்து பார்த்தவர், "பம்ப் போட்டால் ஒரே நாளில் காலி பண்ணிடலாம் சார்" என்றார். மழை ஓய்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, மண்ணெல்லாம் ஊறிக் கிடந்தது. நல்லவேளை, இரண்டாவதாக வந்த கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார். காலியான கான்கிரீட் தொட்டி படகு மாதிரியாம். உள்ளே தண்ணீர் இருக்கிறவரை அந்த எடை அதை அழுத்தி வைத்திருக்கும். எங்கள் குளம் எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.7 மீட்டர். பெருக்கிப் பார், 54,000 லிட்டருக்கு மேல். 54 டன் எடையை ஒரே நாளில் தூக்கிவிட்டால், நிலத்தடி நீர் கீழேயிருந்து தொட்டியை நெட்டித் தள்ளும். தரை வெடிக்கலாம், தொட்டி முழுசாகவே மேலே எழும்பியும் விடலாம். அதற்காகத்தான் அடி வடிகாலில் ஒரு வால்வு வைப்பார்கள். கீழே அழுத்தம் ஏறினால் தானாகத் திறந்து நிலத்தடி நீரை உள்ளே விடும். முப்பது வருஷம் யாரும் தொடாத வால்வு அன்றைக்கென்று பார்த்துத் திறக்கும் என்று நம்புகிற தைரியம் எனக்கில்லை. மண் காயட்டும் என்று காத்திருந்து, குளத்துக்குப் பக்கத்திலேயே ஆழமாக ஒரு குழி போட்டு, அதில் தண்ணீர் ஊறவில்லை என்று பார்த்த பிறகுதான் இறைத்தோம்.

உன்னுடையது கான்கிரீட்டா, ஃபைபரா, இல்லை ஷீட் விரித்ததா என்று நீ எழுதவே இல்லை. ஃபைபர் என்றால் காலி பண்ணும்போது பக்கச் சுவர் உள்பக்கம் பிதுங்கலாம். பழைய ஷீட் காய்ந்தால் சுருங்கும், திரும்பத் தண்ணீர் விடும்போது கிழியும். எதுவானாலும் அவசரம் ஆகாது.

காத்திருந்த அந்த நாட்கள்தான் உண்மையில் எனக்கு லாபம். தண்ணீர் நிற்கும்போதுதான் குளம் தன் நோயைச் சொல்லும். காலியாகிவிட்டால் எல்லா விரிசலும் ஒரே மாதிரிதான் தெரியும், எது ஒழுகுகிறது, எது சும்மா கோடு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில் வாளி. குளத்துத் தண்ணீரையே மொண்டு ஒரு வாளியை நிரப்பி, படிக்கட்டில் பாதி அமிழ்கிற மாதிரி வைத்தேன். வாளிக்குள்ளே தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு, குளத்துச் சுவரில் ஒரு கோடு. சரியாக 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் வாளியில் 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, குளத்தில் 17. வாளியில் குறைந்தது வெயில் குடித்தது. மிச்சம் 12 மில்லிமீட்டர் ஒழுக்கு. எங்கள் அளவுக் குளத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 32 லிட்டர். அப்படியானால் தினமும் 384 லிட்டர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது, நான் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

அடுத்த நாள் பம்பை நிறுத்திவிட்டு அதே சோதனை. குறைவு மாறவில்லை. பம்ப் ஓடும்போது மட்டும் கூடுதலாக இறங்கினால், தண்ணீரைத் திருப்பி அனுப்புகிற பைப்பைச் சந்தேகப்பட வேண்டுமாம். சரி, இறங்குகிறவரை இறங்கட்டும் என்று விட்டேன். பத்துப் பன்னிரண்டு நாளில் மட்டம் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே போனது, அதான், மிதக்கிற இலை தழையை இழுக்குமே அந்தச் சதுர ஓட்டை. அதற்குப் பிறகு வாளியும் குளமும் ஒரே அளவில் இறங்கின. திருடன் அகப்பட்டான்.

ஊர்ஜிதம் பண்ணத் திரும்ப நிரப்பி, பம்பை அணைத்து, தண்ணீர் அசையாமல் இருக்கிற நேரமாகப் பார்த்து, ஊசி போடுகிற சிரிஞ்சில் சிவப்புச் சாயம் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஸ்கிம்மரின் பிளாஸ்டிக்கும் கான்கிரீட்டும் சேருகிற இடத்தில் முடி அளவுக்கு ஒரு கீறல். பக்கத்தில் ஒரு சொட்டு விட்டேன். சாயம் புகை மாதிரி அப்படியே தொங்கியது. அப்புறம் ஓரமாக மெலிந்து, நூலாகி, ஊசிக் காதில் நூல் கோர்க்கிற மாதிரி அந்தக் கீறலுக்குள் நுழைந்து காணாமல் போனது. குளிரில் பல் கிட்டித்தது, ஆனாலும் மூன்று தடவை விட்டு வேடிக்கை பார்த்தேன். இதே குளத்தை முழுக்க உடைத்துத் தரையைப் புதுசாகப் போட வேண்டும் என்றுதான் முதலாமவர் சொல்லியிருந்தார்.

காலி பண்ணின பிறகு செய்ததில் ஒன்றே ஒன்றை விவரமாகச் சொல்கிறேன். சுத்தியல் பிடியால் தரையையும் சுவரையும் சாண் சாணாகத் தட்ட வேண்டும். பூச்சு கெட்டியாக ஒட்டியிருந்தால் 'டங்' என்று கேட்கும். உள்ளே விட்டுப் போயிருந்தால் 'பொக் பொக்'. பொக்கென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். உனக்குத்தான் காது நல்ல கூர்மை, பக்கத்தில் இருந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். சாயங்காலம் மேலே ஏறி நின்று பார்த்தபோது குளம் முழுக்க வட்டம். பாதிக்கு மேல் பொக்காக இருந்தால் ஒட்டுப் போட்டுப் பிரயோஜனமில்லை, மொத்தமாகக் கொத்தி எடுப்பதுதான் நியாயம். கொத்திப் பார்த்தோம். பழுப்புக் கறை நாணயம் அகலத்துக்கு இருந்த ஓரிடத்தில், ஒரு விரல் ஆழத்துக்குள்ளேயே கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. அன்றைக்குக் கட்டினவர்கள் கம்பியை இவ்வளவு மேலாக விட்டிருக்கிறார்கள். கறையின் மேல் பூசினால் ஆறு மாதத்தில் திரும்பத் தலைகாட்டும். துருவேறின கம்பியை நல்ல இரும்பு வருகிறவரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும்.

ஆழப்பகுதியை மேடாக்கிவிட்டேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். முன்பு 2.4 மீட்டர், இப்போது 1.5. அந்தக் காலத்தில் நீ முதல் ஆளாகத் தலைகீழாகக் குதிப்பாய், நான் கரையில் உன் சட்டைக்குக் காவல். இப்போது நாம் இரண்டு பேரில் யார் குதிக்கப் போகிறோம்? பழைய தரையில் தண்ணீர் தேங்காமல் இருக்க ஓட்டை போட்டு, சல்லி கொட்டி இறுக்கி, சுவரோடு கம்பி கோர்த்து மேலே புதுத் தரை. அடி வடிகாலும் அந்த வால்வும் அதே உயரத்துக்கு மேலே வர வேண்டும், மறந்தால் போச்சு. குதிக்கிற பலகையையும் கழற்றியாகிவிட்டது. குளம் இப்போது 40,000 லிட்டர்தான். மருந்தும் அந்தக் கணக்குக்குக் குறைகிறது.

பேரன் பேத்திகள் இறங்கப் போகிற குளம் என்றால் வடிகாலைப் பார். பழைய குளங்களில் ஒற்றை வடிகால்தான் இருக்கும். குழந்தையின் உடம்போ கூந்தலோ அதை அடைத்துக்கொண்டால் பம்ப் விடாது, பெரியவர்கள் இழுத்தாலும் வராது. அப்படி நேர்ந்த சாவுகளுக்குப் பிறகுதான் அமெரிக்காவில் 2007-ல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு மீட்டர் தள்ளி இரண்டு வடிகால், குமிழ் மாதிரி எழும்பின மூடி. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. சுற்றிலும் நாலு பக்கமும் வேலி, தானே சாத்திக்கொள்கிற கதவு. வீட்டுப் பின்சுவரையே நாலாவது பக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. பின்வாசல் வழியாகத்தானே குழந்தை ஓடும் என்று அவள் ஒரு கேள்வி கேட்டாள், வாயை மூடிக்கொண்டேன்.

விளக்கு பழைய ஆசாமி, வீட்டுக்கு வருகிற மின்சாரத்திலேயே நேரடியாக எரிந்துகொண்டிருந்தது. நினைத்தாலே இப்போதும் நடுங்குகிறது. 12 வோல்ட் எல்இடி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச், ஏணி முதல் எல்லா உலோகத்தையும் ஒன்றாக இணைத்த எர்த். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைத் தவிர வேறு யாரையும் கை வைக்க விடாதே, உன்னையும் சேர்த்துத்தான்.

பம்ப் விஷயத்தில் உனக்கு ஒரு கணக்கு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மோட்டார் போட்டேன். வேகத்தைப் பாதியாக்கினால் வருகிற தண்ணீர் பாதி, ஆனால் தின்கிற மின்சாரம் எட்டில் ஒரு பங்கு. இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் கால் பங்கில் முடிகிறது. இது காகிதக் கணக்கு, நடப்பில் அவ்வளவு வராது, ஆனாலும் வித்தியாசம் பில்லில் தெரிகிறது. அதைவிட, சத்தம்! பழைய பம்ப் மாவு மில் மாதிரி அலறும். இப்போது ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் பூச்சு. வெள்ளை சிமெண்டும் பளிங்குத் தூளும் கலந்தது. ஈரப் பூச்சின் மேலேயே முள் வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து இழைத்தார்கள், பார்க்கக் கண்கொள்ளாது. ஒரே நாளில் முடித்துவிட்டு, மறுநாள் காலையில் தண்ணீர் விடச் சொன்னார்கள். ஆழமான இடத்தில் ஹோஸ் முனையில் துணியைச் சுற்றிப் போட்டு, வழிகிற வரைக்கும் நிறுத்தக்கூடாது. மணிக்கு ஆயிரம் லிட்டர் என்றால் நாற்பது மணி நேரம். அன்றைக்கு ராத்திரி என் முறை. நாற்காலியில் தூங்கி வழிந்த நான், இரண்டு மணி நேரம் குழாயை மூடினால் என்ன ஆகிவிடும் என்று மூடிவிட்டேன். ஆனது இதுதான்: இடுப்பளவில் குளத்தைச் சுற்றி ஒரு மங்கலான வளையம், இன்றைக்கும் அழியவில்லை. என் கையெழுத்து என்று அவள் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள்.

முதல் இரண்டு வாரம் தினமும் இரண்டு வேளை தேய்த்தேன், வெள்ளைப் புழுதி பால் மாதிரி எழும்பும். புதுப் பூச்சு சுண்ணாம்பைக் கக்குவதால் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, ஏறிக்கொண்டே போகும், 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் பிடித்து வைக்க அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. குளோரின் டப்பாவை அதன் பக்கத்திலேயே வைக்காதே, இரண்டும் கலந்தால் விஷவாயு.

குளக்கரைக் கல்லுக்கும் சுற்றுத் தரைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். எங்கள் வீட்டில் அதையும் யாரோ புண்ணியவான் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார். வெயிலில் தரை விரிந்து கல்லைத் தள்ளி, டைல்ஸ் எல்லாம் வரிசையாகப் பிளந்து கிடந்தது. ரப்பர் மாதிரி இழுபடுகிற பூச்சால்தான் அதை அடைக்க வேண்டும். உன் டைல்ஸும் ஒரே வரிசையில் உடைந்திருந்தால் முதலில் அங்கே பார்.

போதும், கை வலிக்கிறது. டாக்டர் உன்னைத் தண்ணீரில் இறங்கலாம் என்று சொன்னதும் கிளம்பி வா. நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்தால் முட்டியில் பாரமே தெரியாது. அதற்குள் வாளி வைத்துப் பார்த்து, வாளியில் எவ்வளவு, குளத்தில் எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் எழுது. மில்லிமீட்டரில் எழுது, வழக்கம்போல "ஒரு விரக்கடை இருக்கும்" என்று எழுதாதே.

அன்புடன்,
உன் பழைய சட்டைக் காவல்காரன்

பி.கு.: வாளிக்குள் ஒரு கல்லைப் போட்டு வை. நான் போடாமல் விட்டு, முதல் நாள் வாளி சாய்ந்து கணக்கெல்லாம் பாழாய்ப் போனது.